ஃபூ ஃபைட்டர்ஸின் 'ஸ்டேக்டு ஆக்டர்ஸ்': புகழின் பொய்யைத் திட்ட யாருக்குத் தகுதி?

அலைவரிசை

ஒரே ஒரு பாட்டுக்காக இந்த இழையைத் திறக்கிறேன். அமெரிக்க ராக் குழுவான ஃபூ ஃபைட்டர்ஸின் மூன்றாவது ஆல்பம் 'தேர் இஸ் நத்திங் லெஃப்ட் டு லூஸ்' 1999 நவம்பரில் வந்தது. மொத்தம் 11 பாட்டு. அதில் 'லேர்ன் டு ஃப்ளை' தெரியாத ராக் ரசிகர் குறைவு. 'அரோரா'வை உயிராக நினைப்பவர்களும் இந்தக் களத்தில் உண்டு. ஆனால் ஆல்பத்தைப் போட்டவுடன் முதலில் வந்து மோதுகிற 'ஸ்டேக்டு ஆக்டர்ஸ்' (அடுக்கி வைத்த நடிகர்கள்) பற்றிப் பேச்செடுத்தால், "ஹாலிவுட்காரர்களைத் திட்டும் பாட்டு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டுக்கு அது போதாது.

அது எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். குழுவைத் தொடங்கிய பாடகர் டேவ் க்ரோல் 90-களின் பிற்பாதியில், மணமுறிவுக்குப் பிறகு, கொஞ்ச காலம் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். அந்த ஊர் வாழ்க்கை அவருக்கு ஒட்டவே இல்லை. அங்கே பார்த்த பூச்சும் பாவனையும்தான் இந்தப் பாட்டுக்குக் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்கிறார். பெட்டியைக் கட்டிக்கொண்டு தான் வளர்ந்த வர்ஜீனியாவுக்கே திரும்பி, அலெக்ஸாண்ட்ரியாவில் வீடு வாங்கி, அதன் பேஸ்மென்டில் ஸ்டூடியோ போட்டார். குழுவில் மிஞ்சியது மூன்று பேர்: க்ரோல், பாஸ் கிட்டாரில் நேட் மென்டல், டிரம்ஸில் டெய்லர் ஹாக்கின்ஸ். கிட்டாரிஸ்ட் ஃப்ரான்ஸ் ஸ்டால் போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்த கிறிஸ் ஷிஃப்லெட் இன்னும் சேரவில்லை. கேப்பிட்டல் இசை நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தமும் முடிந்திருந்தது. தயாரிப்பாளர் ஆடம் காஸ்பரோடு சேர்த்து நாலு பேர், ஒரு பேஸ்மென்ட். "ரேடியோவுக்குப் போகிற பாட்டு எது?" என்று கேட்டபடி கதவைத் தட்ட ஆளில்லை. ஆர்.சி.ஏ. நிறுவனம் பிறகுதான் உள்ளே வந்தது.

இப்போது பாட்டுக்குள் வருகிறேன். தொடக்கத்தில் தரையைத் தேய்த்துக்கொண்டு வருவது மாதிரி ஒரு கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு). அது அடங்கியதும், நட்சத்திர ஓட்டலில் சாயங்காலம் வாசிக்கிற குழுவின் சங்கீதம்போல ஒரு குழைவான சரணம். கிட்டார் சுத்தமாக, மென்மையாக ஒலிக்கிறது. குரல் கெஞ்சுகிறது, கொஞ்சுகிறது. அப்புறம் அந்த ரிஃப் திரும்ப வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கத்துகிறது.

என் கட்சி இதுதான்: வரிகளைவிட இந்த அமைப்புதான் அந்தப் பாட்டின் குற்றச்சாட்டு. பொய் எப்போதும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அந்த இனிமையை நாமும் கொஞ்சம் ருசிக்கும்படி விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் க்ரோல் அதைக் கிழிக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. முதல் சரணம் ஒரு கண்ணாடியில் தொடங்குகிறது. பாடுகிறவரே அதன் முன்னால் நிற்கிறார். எங்கோ தூரத்தில் உள்ள நடிகர்களைக் கைகாட்டித் தொடங்கவில்லை. அதனால் இது வெளியிலிருந்து வரும் தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஒருவரின் கோபம் என்றுதான் கேட்கிறது.

உங்கள் கருத்து?

ஆறாம்கம்பி

அண்ணா, அருமையான இழை. அந்த ரிஃப் ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதை வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இதில் ஆறாவது கம்பியை மட்டும் 'ஈ'யிலிருந்து கீழே 'ஏ' வரைக்கும் இறக்கியிருக்கிறார்கள். ஆறாவது கம்பியை 'டி' வரை இறக்குகிற வழக்கமான டிராப் டி டியூனிங்கில் இரண்டே செமிடோன்தான் (அரைச்சுரம்) இறங்கும். இங்கே ஏழு. அப்படி இறக்கினால் ஐந்தாவது கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே சுரத்தில், ஒரு ஸ்தாயி வித்தியாசத்தில் நிற்கும். இரண்டையும் சேர்த்து அடித்தால் ஒரே சுரம் மேலும் கீழுமாகப் பிளந்து வருகிற மாதிரி இருக்கும். மற்ற நாலு கம்பியும் சாதாரண டியூனிங்கிலேயே இருப்பதால் சரணத்தின் மென்மையான கார்டுகளுக்கு இடைஞ்சல் இல்லை. முகமூடிக்கும் அதற்குப் பின்னால் இருப்பதற்கும் ஒரே கிட்டார், ஒரே டியூனிங். நீங்கள் சொன்னதற்கு இது பொருந்துகிறது இல்லையா?

வாசிக்க நினைப்பவர்களுக்கு: சாதாரண மெல்லிய செட்டில் இதை முயன்றால் ஆறாவது கம்பி தளர்ந்து ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பியில்) அடிக்கும், சுரமும் நிற்காது. அந்த ஒரு கம்பிக்கு மட்டும் தடிமனானதைப் போடுங்கள். கொஞ்சம் படபடவென்று அடிக்கிற சத்தம் இருந்தால் பரவாயில்லை, அந்த அழுக்கு இந்தப் பாட்டுக்கு வேண்டும். வலது கையை மட்டும் ரொம்ப ஓங்காதீர்கள். ஓங்கினால் சுரம் மேலே ஏறி ஏறி இறங்கும்.

சேலம் பாஸ்கர்

இசை நன்றாக இருக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தை நான் நம்பவில்லை.

பாடுகிறவர் யார் என்று பாருங்கள். நிர்வாணா என்ற ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை பில்போர்டு முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்தக் குழுவின் டிரம்மர் இந்த க்ரோல்தான். அடுத்த குழுவும் பெரிய வெற்றி. இந்தப் பாட்டு முதல் பாட்டாக இருக்கிற ஆல்பத்துக்கு 2001-இல் சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி. இப்படி ஒருவர் பிரபலங்களைத் திட்டுவதற்கும் பிரபலமாக இருப்பதற்கும் என்ன இடைவெளி?

இன்னொன்று. லாஸ் ஏஞ்சலிஸை வெறுத்துத்தான் வர்ஜீனியாவுக்குப் போனார் என்கிறீர்கள். சில வருடத்திலேயே திரும்பி அங்கேயே குடியேறிவிட்டார். 2011-இல் வந்த 'வேஸ்டிங் லைட்' அவருடைய வீட்டு கராஜில் பதிவானது என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த கராஜ் இருப்பது லாஸ் ஏஞ்சலிஸின் என்சினோவில். அவருடைய ஸ்டூடியோ 606 இன்று இருப்பது நார்த்ரிட்ஜில், அதுவும் அதே மாநகரம்தான். அந்த ஊரில் நிரந்தரமாகத் தங்கப்போகிறவர் அந்த ஊரைப் பார்த்துக் கத்துவது எவ்வளவு நாளைக்குச் செல்லும்?

கரவெட்டியான்

நான் இருக்கிறது வட வர்ஜீனியாவில. க்ரோல் வளர்ந்த ஸ்பிரிங்ஃபீல்டும் இந்த அல்பம் பதிவான அலெக்ஸாண்ட்ரியாவும் எனக்குக் காரில கிட்டத்தான். இந்தப் பக்கத்தைப் பார்த்தால் ரொக் ஸ்டார் எண்ட எண்ணமே ஒருத்தருக்கும் வராது. கனபேர் வாஷிங்டனில அரசாங்க உத்தியோகம். காலமை வேலைக்குப் போய்ப் பின்னேரம் வந்து புல்லு வெட்டுற சனம். அவற்றை அம்மாவும் இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில ரீச்சரா இருந்தவ.

பாஸ்கர் கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் நிர்வாணாவுக்கு முந்தின காலத்தில இருக்கு. க்ரோல் 17 வயசில பள்ளிக்கூடத்தை விட்டிட்டு 'ஸ்கிரீம்' எண்ட பாண்டில டிரம்ஸ் அடிக்கப் போனவர். அது வாஷிங்டன் ஹார்ட்கோர் பங்க் (வேகமும் ஆவேசமுமான ராக்) வட்டாரத்தைச் சேர்ந்தது. 1980-இல துவங்கின டிஸ்கோர்ட் ரெக்கார்ட்ஸ் எண்ட இசை நிறுவனம்தான் அந்த வட்டாரத்துக்கு நடுத்தூண். அங்க இருந்த கட்டுப்பாட்டைச் சொன்னால் இப்பத்தைய பெடியள் நம்பமாட்டினம். அந்த வட்டாரத்து ஃபுகாஸி பாண்ட் கச்சேரிக்கு டிக்கெட் 5 டொலர் எண்டு பிடிவாதமா வைச்சிருந்தது. சின்னப் பிள்ளையளும் உள்ளுக்க வரலாம் எண்ட இடங்களாப் பார்த்துத்தான் வாசிக்கிறவை. டீ-ஷர்ட் விக்கிறதும் இல்லை. மேடையில நிக்கிறவனும் கீழ நிக்கிறவனும் ஒண்டு எண்டது அவையளுக்கு வெறும் பேச்சில்லை, கணக்குப் புத்தகத்திலயும் அப்பிடித்தான்.

அந்த இடத்தில வளர்ந்த ஒருத்தனை 22 வயசில கொண்டுபோய் உலகத்தின்ர நடுவில விட்டால் என்ன ஆகும்? நிர்வாணாவின்ர பாடகர் கேர்ட் கோபேனுக்கு என்ன ஆனது எண்டு எல்லாருக்கும் தெரியும். க்ரோல் அதைப் பக்கத்தில இருந்து பார்த்தவர். 1994 ஏப்ரலில கோபேன் தற்கொலை செய்துகொண்டபிறகு, அந்த ஒக்டோபரில சியாட்டிலில தனியா ஸ்டூடியோவுக்குப் போய், கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் தானே வாசிச்சு முதல் அல்பத்தைப் பதிவு செய்தவர். வெளியில விடேக்க தன்ர பேரைப் போடேல்லை, ஒரு பாண்டின்ர பேரைப் போட்டவர். பேரை ஒளிச்ச ஆள் அவர். 'ஸ்டேக்டு ஆக்டர்ஸ்' வந்த அல்பத்தின்ர அட்டையைப் பாருங்கோ: முகம் இல்லை, பிடரியில பச்சை குத்தின ரெண்டு எழுத்துத்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் கதையும் 1997-இல துவங்கேல்லை. 1990-இல ஸ்கிரீம் பாண்ட் டூர் நடுவில உடைஞ்சது அந்த ஊரிலதான். பாஸ் கிட்டார்க்காரர் விட்டிட்டுப் போக, மிச்சப்பேர் கையில காசில்லாமல் அங்க மாட்டுப்பட்டு நிண்டவை. அந்த நிலையிலதான் நிர்வாணாவுக்கு ஆள் தேவை எண்ட கதை மெல்வின்ஸ் பாண்டின்ர பஸ் ஒஸ்போர்ன் மூலம் வந்தது. அந்த ஊரை அடியில இருந்தும் பார்த்தவர், மேல இருந்தும் பார்த்தவர். பாட்டில கேக்கிறது ரெண்டையும் பார்த்த ஆளின்ர குரல்.

பழையகேசட்

கரவெட்டியான் சொன்னதற்கு ஒரு கும்பிடு. இப்படி எழுதினால்தான் களம் களமாக இருக்கும்.

ஒருவரும் தொடாத விஷயத்தை நான் எடுக்கிறேன். இந்தப் பாட்டு கோர்ட்னி லவ்வைக் குறிவைத்தது என்று ரொம்ப காலமாக ஒரு பேச்சு. கோபேனின் மனைவி, பொன்னிறக் கூந்தல், 'ஹோல்' குழுவின் பாடகி, 90-களின் நடுவில் சினிமாவுக்கும் போனார், கோல்டன் குளோப் பரிந்துரை வரை வந்தார். பாட்டில் பொன்னிறக் கூந்தலோடு செத்துப்போகிறவர்கள் பற்றி ஒரு வரி வருகிறது. அதை வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு அது ஒட்டவில்லை. நிர்வாணாவின் உரிமைகள் பற்றி லவ் க்ரோல் மீதும் நிர்வாணாவின் பாஸ் கிட்டாரிஸ்ட் கிறிஸ்ட் நோவோசெலிக் மீதும் வழக்குப் போட்டது 2001-இல். பாட்டு 1999. வழக்கால் எழுந்த சண்டையை இரண்டு வருடம் பின்னால் தள்ளிப் பாட்டுக்குள் ஊற்றுகிறார்கள். அதற்கு முன்பும் லவ்வுக்கும் க்ரோலுக்கும் ஒத்துவராது என்பது உண்மை. ஆனால் பாட்டில் ஒரு பெயர்கூட இல்லை. அடுக்கச் சொல்வது ஒரு நடிகரை இல்லை, கூரை முட்டுகிற அளவுக்கு நடிகர்களை. ஒரு ஆள் மேல் உள்ள வன்மத்துக்கு அவ்வளவு உயரம் எதற்கு? 2014 ஏப்ரலில் நிர்வாணாவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது லவ்வும் க்ரோலும் மேடையிலேயே கட்டித் தழுவிக்கொண்டார்கள். பாட்டு அதற்குப் பிறகும் அதே சூட்டோடு நிற்கிறது.

ஒரு பாட்டை யார்மேல் எழுதினார் என்று தோண்டுவதே நாம் அந்தப் பிரபல வியாதியில் இருக்கிறோம் என்பதற்கு அடையாளம் என்று நினைக்கிறேன்.

நெறியாளர்

பாடல் வரிகளை முழுதாக எடுத்து ஒட்ட வேண்டாம், இரண்டு பதிவுகளை அதற்காக நீக்கியிருக்கிறேன். பொருளைச் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். விவாதம் தொடரட்டும்.

மீனலோசனி

இழை முழுவதும் படித்தேன். பாட்டை இன்று பலமுறை கேட்டேன். எல்லோரும் கோபம் உண்மையா பொய்யா என்று பேசுகிறீர்கள். அந்தக் கோபம் யார் மேல் விழுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாட்டில் வருகிற அடையாளங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். கண்ணாடி. மார்பழகு. புது மோஸ்தர். உடுத்திக்கொள்ளுதல். பொன்னிறக் கூந்தல். போலித்தனம் என்றவுடன் க்ரோலின் கண்ணுக்குத் தெரிவது ஒரு பெண்ணின் உடம்பு. பழையகேசட் சார், கோர்ட்னி லவ் பற்றிய அந்த வதந்தி இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்வேன். வரிகள் இடம் கொடுக்கின்றன.

ஹாலிவுட்டின் பொய்யை நடத்துகிறவர்கள் யார்? பாத்திரத்துக்கு ஆள் எடுக்கிற அறையில் உட்கார்ந்திருப்பவர், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறவர், வயது முப்பத்தைந்து ஆனதும் அந்த நடிகையைக் கூப்பிடுவதை நிறுத்துகிறவர். இவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சூட் போட்டவர்கள், கூந்தலுக்குச் சாயம் பூசத் தேவையில்லாதவர்கள். அவர்களைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல் இல்லை. கத்தி வைத்து உடம்பை மாற்றிக்கொள்ளும்படி நெருக்கப்பட்டவள்தான் பொய்க்காரி ஆகிறாள்.

ரிஃப் எனக்கும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால்தான் கேட்கிறேன்.

அலைவரிசை

மீனலோசனி மேடம், இந்த இழையில் வந்த கேள்விகளில் இதுதான் கனமானது. யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அடையாளங்கள் பற்றி நீங்கள் சொல்வது சரி. மறைக்க முடியாது. ஆனால் அந்த உடம்பு யாருடையது என்பதில் எனக்கு வேறு வாசிப்பு உண்டு. கண்ணாடியின் முன் நிற்பவர் தன்மையில் பேசுகிறார். தான் ஏதோ இரண்டுக்கும் நடுவில் இருப்பதாகச் சொல்கிறார். மார்பை மெச்சுகிறவர் அடுத்தவளைப் பார்த்து மெச்சுகிறாரா, கண்ணாடியில் தெரிகிற தன்னையே மெச்சிக்கொள்கிறாரா என்பது திறந்தே கிடக்கிறது. 80-களில் லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் ஸ்ட்ரிப் தெருவில் வாசித்த குழுக்களை நினைத்துப் பாருங்கள்: மையும் உதட்டுச்சாயமும் பூசி, கூந்தலை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு வந்த ஆண்கள். வாஷிங்டன் பங்க் வட்டாரத்துப் பையனுக்கு ராக் உலகத்தின் பொய் முகம் அதுதான். இந்தப் பாட்டில் உடுத்திக்கொண்டு வருகிறவர்களில் ஆண்களும் இருக்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கிறது.

ஆனாலும் உங்கள் இரண்டாவது பகுதிக்கு, அதாவது நடத்துகிறவன் எங்கே என்ற கேள்விக்கு, பாட்டுக்குள்ளிருந்து என்னால் பதில் எடுக்க முடியவில்லை.

பாஸ்கர், உங்களுக்கு. அவர் திரும்ப லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார், சரி. அதனால் 1999-இல் பாடியது பொய்யாகிவிடுமா? ஊரின் வரைபடம்தான் எதிரி என்றால் ஆகும். அவர் வெறுத்தது அந்த ஊர் மனிதனை என்ன செய்கிறது என்பதை. திரும்பிப் போனபோதும் கராஜில் உட்கார்ந்து, அனலாக் டேப்பில்தான் 'வேஸ்டிங் லைட்' பதிவு செய்தார். 2012 கிராமி மேடையில் அவர் பேசியதும் அதைத்தான்: கம்ப்யூட்டரில் திருத்திச் செப்பனிடாமல், மனிதர்கள் குறையோடு வாசிப்பதே இசைக்கு முக்கியம் என்றார். அலெக்ஸாண்ட்ரியா பேஸ்மென்டின் பிடிவாதம் என்சினோ கராஜிலும் இருந்திருக்கிறது.

சேலம் பாஸ்கர்

கராஜ் கதையே ஒரு பிம்பமாகிவிட்டது என்றுதான் நான் சொல்கிறேன் நண்பரே. 'ராக் உலகத்திலேயே நல்ல மனிதர்' என்று அவருக்கு ஒரு பட்டம். கால் உடைந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவார், ரசிகரை மேடைக்குக் கூப்பிடுவார், எல்லோரையும் சிரிக்கவைப்பார். நானும் அதை ரசித்தவன்தான். திருமணத்துக்கு வெளியே தனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருப்பதை 2024 செப்டம்பரில் அவரே இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். அன்றைக்கு எத்தனை பேர் ஏமாற்றப்பட்டதாகக் குமுறினார்கள்! உண்மைதான் வேண்டும் என்று கத்தியவரிடம் உண்மை கேட்பது நியாயம்தானே?

கரவெட்டியான்

தம்பி பாஸ்கர், அது அவற்றை வீட்டுப் பிரச்சினை. அவற்றை மனைவிக்கும் பிள்ளையளுக்கும் அவர் பதில் சொல்லவேணும். உங்களுக்கும் எனக்கும் அவர் என்ன சத்தியம் செய்து தந்தவர்? 'நல்ல மனிதர்' எண்ட பட்டத்தைக் குடுத்தது பத்திரிகையும் நாங்களும். பட்டம் குடுத்தது நாங்கள், கிழிஞ்சு போச்செண்டு அழுகிறதும் நாங்கள். அந்தப் பாட்டு என்னத்தைப் பற்றியது எண்டு கேட்டால் நான் இதைத்தான் காட்டுவன்.

சேலம் பாஸ்கர்

பத்திரிகை மட்டும் கொடுக்கவில்லை அண்ணே. அந்தப் பட்டத்தில் டிக்கெட் விற்றது, ஆவணப்படம் விற்றது. விற்றவருக்கும் பொறுப்பு உண்டு. அதில் நான் இறங்கமாட்டேன்.

ஆனால் அலைவரிசை சொன்ன கண்ணாடி விஷயம் எனக்கு இப்போது வேறு மாதிரி கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடுகிறவர் தன்னையும் அந்த அடுக்கில் வைத்துக்கொண்டு கேட்டால், 2024-க்குப் பிறகு பாட்டு கூடுதலாக உறைக்கிறது. வைக்காமல் கேட்டால் தாங்க முடியவில்லை. நான் இரண்டாவது வகையில்தான் இத்தனை நாள் கேட்டேன்.

பழையகேசட்

அதே வருடத்தில், அதே ஊரைப் பற்றி வந்த இன்னொரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' 1999 ஜூனில் வந்தது. அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸிலேயே ஊறியவர்கள். அந்த ஊர் செய்கிற கனவு உலகம் முழுக்க ஏற்றுமதியாவதை, உடம்பைச் செதுக்கிக்கொள்கிற ஆசையை, எல்லாவற்றையும் ஒரு சோகமான, நிதானமான கிட்டாரோடு சொல்கிறார்கள். வீட்டுக்காரனின் வருத்தம் அது. க்ரோலுடையது விருந்தாளியாகப் போய் வெளியே வந்தவனின் ஆத்திரம்.

இன்னும் பின்னால் போனால் 1972-இல் தி கிங்க்ஸ் குழுவின் 'செல்லுலாய்டு ஹீரோஸ்'. ஹாலிவுட் நடைபாதையில் பதித்த நட்சத்திரங்களின் மேல் நடந்து போகிற ஒருவர், அந்தப் பழைய நடிகர்களை ஒவ்வொருவராக நினைத்து இரங்குகிறார். அவர்களை மிதித்துவிடாதீர்கள் என்கிற தொனி. மரிலின் மன்றோ அதில் வருகிறார். மீனலோசனி சொன்ன குறைக்கு அங்கே பதில் இருக்கிறது: நசுக்கப்பட்டவளை நசுக்கப்பட்டவளாகவே பார்க்கிறது அந்தப் பாட்டு. ஆனால் அது ஹார்ட் ராக் இல்லை. ஹார்ட் ராக்கில் இரக்கத்தைப் பாடுவது சிரமம். டிஸ்டார்ஷனை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவதை) திறந்துவிட்டால் முதலில் வருவது கோபம்தான்.

ஆறாம்கம்பி

பாஸ்கர் அண்ணனின் வாதத்துக்கு வலு சேர்க்கிற ஒரு விஷயமும், எதிராகப் போகிற ஒன்றும் என்னிடம் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில்.

2008 ஜூன் 6, 7 தேதிகளில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் அவர்கள் வாசித்த கச்சேரியின் பதிவைப் பாருங்கள். ஓர் இரவுக்கு எண்பதாயிரம் பேருக்கு மேல். அங்கே 'ஸ்டேக்டு ஆக்டர்ஸ்' வாசிக்கிறார்கள். ஆல்பத்தில் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே போகிற பாட்டு, மேடையில் நீண்டுகொண்டே போகும். நடுவில் ப்ளூஸ் மாதிரி ஜாம் செய்வார்கள் (முன்தயாரிப்பில்லாமல் சேர்ந்து வாசிப்பார்கள்), க்ரோல் கிட்டாரோடு ஓடுவார், கூட்டம் கத்தும். புகழின் வேஷத்தைத் திட்டுகிற பாட்டு, ஒரு ராக் ஸ்டார் தன் வித்தையெல்லாம் காட்டுகிற பாட்டாக மாறிவிட்டது. இது பாஸ்கர் அண்ணன் பக்கம்.

எதிராகப் போவது என்னவென்றால், அந்த ஜாமில் திட்டமிட்டுப் பளபளப்பாக்கிய எதுவும் இல்லை. சுரம் பிசகுகிறது, டிரம்ஸ் முந்துகிறது, யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே மற்றவரைப் பார்த்துத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார். டெய்லர் ஹாக்கின்ஸ் வாசிக்கிற விதத்தைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் பொகோட்டாவில் அவர் இறந்த பிறகு அந்தப் பதிவைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் ஸ்டூடியோவில் இந்தக் குழுவோடு வாசித்த முதல் ஆல்பமே இதுதான். எண்பதாயிரம் பேருக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் பேஸ்மென்டில் வாசிக்கிற மாதிரி வாசிப்பது வேஷத்தால் வராது. ஒத்திகை பார்த்தும் வராது.

ஒரு சின்னக் குறிப்பு: மேடையில் இந்தப் பாட்டுக்கென்றே டியூன் செய்த கிட்டாரை மாற்றிக்கொள்வதுதான் வழி. நீங்கள் ஒரே கிட்டாரோடு மேடையேறுகிறீர்கள் என்றால் இதை முதல் பாட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஏழு செமிடோன் இறக்கி ஏற்றினால் அடுத்த இரண்டு பாட்டுக்கும் டியூனிங் நிற்காது.

மீனலோசனி

வெம்ப்ளி பதிவைப் பார்த்தேன். தம்பி சொன்னது கண்கூடு, அந்த நட்பில் பொய் இல்லை.

அலைவரிசை சார், சன்செட் ஸ்ட்ரிப் ஆண்கள் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். சரணங்கள் கொஞ்சம் திறக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஆணை நிறுத்தினால் பாட்டு இன்னும் கூர்மையாகிறது, இன்னும் சங்கடப்படுத்துகிறது. ஆனால் பொன்னிறக் கூந்தலோடு சாகிறவர்கள் பற்றிய அந்த இடத்தில் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். அங்கே செத்துக் கிடப்பது ஒரு பெண். அவளுக்காக எல்லோரும் அழுகிறார்கள், அந்த அழுகையும் போலி என்கிறார் க்ரோல். சரி. ஆனால் அவளைக் கொன்றது யார் என்று கேட்கிற ஒரு வரியை, காசோலையில் கையெழுத்துப் போடுகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு வரியை நான் கடைசிவரை எதிர்பார்த்தேன். அவ்வளவு கனமான ரிஃப் அந்த வரியைத் தாங்கியிருக்கும்.

அலைவரிசை

தாங்கியிருக்கும் மேடம். இந்தப் பாட்டில் அது இல்லை.

அந்த ஆளையே பேசவைத்த பாட்டு ஒன்று உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'ஹேவ் எ சிகார்', 1975-இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில். ரெக்கார்ட் கம்பெனிக்காரன் சுருட்டை நீட்டி, தோளில் கைபோட்டு, குழுவில் பிங்க் என்பவர் யார் என்று விசாரிக்கிறான். பாடியது அந்தக் குழுவினர் இல்லை, விருந்தினராக வந்த ராய் ஹார்ப்பர். அதற்குத் தனி இழை திறக்கிறேன். நீங்கள் முதல் பதிவு எழுதுங்கள்.